பி.டி. டீச்சர் சுமந்த என் பழி

பி.டி. டீச்சரின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதன் கறுப்புக் கயிறு வியர்வையில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருக்கும். நாங்கள் இருவரும் பாலக்கரையில் ஒரே பெண்கள் பள்ளியில் பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டது ஐந்தாறு தடவைகூட இருக்காது. ஒவ்வொரு வருடமும் மாணவிகளில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார். காலை வணக்கக் கூட்டத்தில் நானூறு பேரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்வதும், விளையாட்டு விழாவில் மேடையேறி உறுதிமொழி சொல்வதும் அந்தப் பெண்ணின் வேலை. "விசில் சத்தம் காதோட நின்னுடும் டீச்சர். ஒரு பொண்ணு கத்துனா மத்த பொண்ணுங்களுக்கு முதுகுல போய் ஏறும்" என்பார். ஒரு வருடம் அவர் தேர்ந்தெடுத்த பெண் என் மகள்.

நான் அங்கே கணக்கு ஆசிரியை. ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவோம். பள்ளி வாசலைத் தாண்டினால் அவள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அவளுடைய குரல் பிறந்த நாளிலிருந்தே பெரியது. அடுப்படியில் நின்று பேசினால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரலுக்கு ஏற்ற முகம்தான், பதினோரு பன்னிரண்டு வயது வரைக்கும். பிறகு கீழ்த்தாடை வளரத் தொடங்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வளர்வதுதான். இவளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தது. மோவாய் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நின்றன. கொய்யாப்பழத்தை முன்பல்லால் கடிக்க முடியாமல், கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தாள். ச, ஸ என்று வருகிற இடங்களில் காற்று பக்கவாட்டில் கசிந்தது.

தினமும் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது உடனே தெரியவில்லை. நவராத்திரிக்கு வந்திருந்த என் நாத்தனார், சுண்டலை வாங்கிக்கொண்டே, "உம் பொண்ணுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குதே, கவனிச்சியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன், தூங்குவதைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படு என்றேன். இடக் கடைவாயில் மென்று சாப்பிடு என்றேன். உள்ளங்கையில் மோவாயைத் தாங்கி உட்காராதே என்று கையைத் தட்டிவிட்டேன். யாராவது போட்டோ எடுக்க வந்தால் என் விரல் தானாகவே அவள் கன்னத்துக்குப் போய், முகத்தை லேசாகத் திருப்பிவிடும். பல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, இது பழக்கத்தால் வந்ததில்லை, எலும்பின் வளர்ச்சி, வளர்ச்சி முழுதாக நின்ற பிறகுதான் சரிசெய்ய முடியும், பதினெட்டு வயது வரை காத்திருங்கள் என்றார். ஐந்து வருடம் காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அதுவரைக்கும் அவளை யார் கண்ணிலும் அதிகம் படாமல் பார்த்துக்கொள்வது.

அப்போதுதான் பி.டி. டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார். அந்த வருட விளையாட்டு விழாவுக்குப் பெரிய திரை வைப்பதாகப் பேச்சு. மேடையில் நிற்கிறவரின் முகம் அதில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரியும். வீடியோவை எல்லாப் பெற்றோர்களுக்கும் அனுப்பப்போகிறார்கள் என்றார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போனேன். பி.டி. டீச்சர் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என் மகளை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எதுக்கு டீச்சர்? காய்ச்சலா?"

"அதில்ல. அவ மேடை ஏற வேண்டாம். முகம்… உங்களுக்கே தெரியும்."

அவர் நிமிர்ந்தார். "எனக்கு வேண்டியது அவ தொண்டை. மூஞ்சிய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"வீடியோ காலத்துக்கும் இருக்கும் டீச்சர். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது…"

"பதிமூணு வயசுப் பொண்ணுக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "உங்க பொண்ணு. உங்க இஷ்டம். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அங்கேயே நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "நீங்களே முடிவு பண்ண மாதிரி இருக்கட்டுமே" என்றேன். ச-னா சரியாக வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று காரணத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுபடி குனிந்து, பாதியில் விட்ட கோட்டைப் போட்டு முடித்தார். கடைசியில், "கணக்கு டீச்சர்னா எல்லாத்தையும் கணக்கு போட்டுத்தான் வருவீங்க போல" என்றார். சரி என்று அவர் சொன்னது அப்படித்தான்.

அன்று மாலை ஆசிரியர் அறையின் ஜன்னல் வழியே பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில் இருவரும் நின்றார்கள். பி.டி. டீச்சர் பேசினார். மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே விறைப்பாக நின்று கேட்டாள். தலையை ஆட்டினாள். திரும்பி நடந்து வரும்போதுதான் வலது கை மேலே போய் மோவாயை மூடிக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ச-னா வரலையாம். அதெல்லாம் சும்மா. நான் கோணையா இருக்கேன்னுதான் எடுத்துட்டாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்த நினைவுகளையே எழுதுகிறேன். "அப்படியா சொன்னாங்க? போகட்டும் விடு, அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றேன். என் மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

விழா நடந்தது. வேறொரு பெண் உறுதிமொழி சொன்னாள். அணிவகுப்பை நிறுத்த அன்றைக்கு பி.டி. டீச்சர் விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு என் மகள் பி.டி. டீச்சரை வெறுக்கத் தொடங்கினாள். குழந்தைகளின் வெறுப்பு மழை மாதிரி விட்டுவிடும் என்று நினைத்தேன். இது விடவில்லை. பூப்பந்து விளையாடுவதை நிறுத்தினாள். அவர் எதிரே வந்தால் படிக்கட்டு மாறிப் போனாள். வீட்டில் அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து நடந்துகாட்டி அப்பாவைச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். மெல்ல மெல்ல அவளுடைய குரலும் இறங்கியது. வகுப்பில் பதில் சொன்னால் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை என்று மற்ற ஆசிரியைகள் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளைக்கு அவள் போகாமல் இருக்க உடல்நலம் சரியில்லை என்று நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

பி.டி. டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. மதியம் அதே மேசையில் உட்கார்ந்து, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கொண்டுவந்த சோற்றுடப்பாவைத் திறந்து, எனக்கும் ஒரு துண்டு மீனை எடுத்து மூடியில் வைப்பார். நான் அதைத் தொடமாட்டேன் என்று தெரிந்தும் கிண்டலுக்கு வைப்பார். "பாவம் பண்றதுல இதுவும் ஒண்ணா இருக்கட்டும், சாப்பிடுங்க" என்பார். ஒரு தடவை மட்டும், டப்பாவைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பொண்ணு என்னைப் பாத்தா பாதை மாறிப் போவுது டீச்சர். நூறு பொண்ணு என்னைத் திட்டியிருக்கும். இது ஒண்ணுதான் வலிக்குது" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். முழுப் பரீட்சை முடியட்டும் என்றேன். அவர் ஓய்வுபெற்றுப் போன நாளிலும், மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அப்போதும் தலையை ஆட்டினேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் தில்லைநகரில் ஒரு பல்சீரமைப்பு டாக்டரிடம் போனோம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு எக்ஸ்ரே எடுத்து, வளர்ச்சி நின்றுவிட்டதை உறுதிசெய்தார். முதலில் பல்லுக்குக் கம்பி, ஒன்றரை வருடம். பிறகு தாடை அறுவைச் சிகிச்சை. பிறகு மறுபடி சில மாதம் கம்பி. சின்ன வயதுதான் அந்த டாக்டருக்கு. பேனாவால் காகிதத்தில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார். "தாடை கோணலாப் போகும்போது பல்லெல்லாம் சும்மா இருக்காதும்மா. அந்தக் கோணல் தெரியாம இருக்க, தானும் சாஞ்சு சாஞ்சு ஒரு மாதிரி ஈடுகட்டி நிக்கும். அந்தச் சாய்வை நாங்க முதல்ல எடுத்துடுவோம். அப்ப கோணல் முழுசா வெளியில தெரியும். இப்ப இருக்கறதைவிட மோசமாத் தெரியும். பயப்படாதீங்க. முழுசாத் தெரிஞ்சாத்தான் சர்ஜன் எலும்பைச் சரியான இடத்துல வைக்க முடியும்." மகள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மோசமாகட்டும் டாக்டர்" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் உரக்கப் பேசியது அன்றைக்குத்தான். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

மோசமாகத்தான் ஆனது. கம்பி போட்டு ஒரு வருடத்தில் கீழ்வரிசை நன்றாக முன்னே வந்துவிட்டது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல், சாதத்தைப் பிசைந்து விழுங்கினாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு நான் மட்டும் போய், அவளுக்குப் பரீட்சை, செய்முறைத் தேர்வு என்று ஏதாவது சொல்லிவிட்டு வந்தேன்.

அறுவைச் சிகிச்சை இந்த வருடம் நடந்தது. வாய்க்குள்ளேயே அறுத்து, இரண்டு தாடைகளையும் நகர்த்தித் தகடு வைத்துத் திருகினார்கள். ஐந்தரை மணி நேரம். வெளியே தழும்பு இல்லை. பல்வரிசை இரண்டையும் ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது. வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்டிவிட வேண்டும் என்று நர்ஸ் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. அவள் இருமினால் என் கை அதற்குப் போகும். கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாக விடுவேன். கீழுதட்டில் உணர்ச்சி இல்லாததால் வழிவது அவளுக்குத் தெரியாது. நான் துடைத்த பிறகுதான் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்காட்டுவாள்.

பத்தாம் நாள் காலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பி.டி. டீச்சர். யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ. அவர் குரலை வாசலில் கேட்டதுமே மகள் நோட்டில் 'போகச் சொல்லு' என்று எழுதினாள். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "கேழ்வரகு. முளைகட்டி அரைச்சு, வேட்டித் துணியில சலிச்சது. குழாயில அடைக்காது." பிறகு கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னடி, மூஞ்சி பூரி மாதிரி உப்பிக் கெடக்கு? அடுத்த வாட்டி வரப்ப கிழங்கு கொண்டாரேன்" என்றார். மகள் சுவரைப் பார்த்தாள். "கோவமா? வாயைக் கட்டியிருக்கும்போதுதான் நான் தைரியமா வர முடியும்" என்று அவர் சிரித்தார்.

மகள் திரும்பினாள். நோட்டை எடுத்து, நிதானமாக எழுதி, அவர் முன்னால் பிடித்தாள். நான் பின்னால் நின்று படித்தேன். 'இப்ப என் மூஞ்சி மேடைக்கு ஆகுமா மிஸ்?'

பி.டி. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வாசலில் ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல ஒரு பார்வை. நான் பேசுவதற்காக அவர் காத்திருந்தார். நான் கஞ்சி டம்ளரை எடுத்து, மேசையில் வேறொரு இடத்தில் வைத்தேன். அது முடிந்ததும், சிரிஞ்சை அதன் பக்கத்தில் நேராக வைத்தேன்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு செஞ்சது தப்புடி. ரொம்பப் பெரிய தப்பு. மன்னிச்சுக்க" என்றார். என் மகள் முன்னால் கைகூப்பினார்.

அவரை வழியனுப்பப் படியிறங்கினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "இவ்வளவு நாள் சின்ன சுமைன்னு நெனச்சு தூக்கிட்டேன் டீச்சர். இன்னிக்கு அது எழுதுனதப் படிச்சப்புறம் முடியல. நீங்க சொல்லுங்க. சொன்னப்புறம் கூப்பிடுங்க, வரேன். அதுவரைக்கும் வரல" என்றார். என் கழுத்திலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, "புள்ள மூச்சு விடட்டும்" என்றார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கஞ்சி கொடுத்து முடித்த பிறகு சொன்னேன். மைதானம், சுண்ணாம்புக் கோடு, ச-னா என்ற காரணம், பஸ்ஸில் தட்டிக்கொடுத்தது எல்லாம். அழுதேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஏழு வருடம் தள்ளிப்போட்டவள், அவளால் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்ல முடியாத நாளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அவள் நோட்டை எடுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு மூடிவிட்டாள். அடுத்த பத்து நாளும் அந்த நோட்டில் 'தண்ணி', 'தலைகாணி', 'ஃபேன்' என்பதைத் தவிர வேறெதுவும் எனக்காக எழுதப்படவில்லை.

ரப்பரை எடுத்த நாளில் நானும் அவளும் மட்டும்தான் போனோம். டாக்டர் இரண்டு விரல் நுழையும் அளவு வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். கண்ணாடியைக் கொடுத்தார். அவள் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மோவாய் நடுவில் இருந்தது. நான் ஐந்து வருடமாக விரலால் திருப்பித் திருப்பி வரவழைக்கப் பார்த்த முகம் அது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஏதோ எனக்குச் சேராததைப் பார்ப்பதுபோல் இருந்தது.

திரும்ப ஆட்டோவில் ஏறினோம். சிந்தாமணி தாண்டும்போது அவள் பேசினாள். உதடு மரத்திருந்ததால் சொற்கள் தடுக்கித் தடுக்கி வந்தன.

"மிஸ்கிட்ட நான் பேசிக்கறேன். அவங்களுக்கு மெசேஜ் அனுப்பிட்டேன், ஞாயித்துக்கெழமை வராங்க. நீ எனக்குச் சொல்லு. வேற எங்கெல்லாம்?"

"என்னது?"

"என்னை வேற எங்கெல்லாம் மறச்ச?"

ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தொடங்கினேன். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு உன்னை யாரும் கூப்பிடாமல் இல்லை, மூன்று தடவை போன் செய்தார்கள் என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் தாடையை நேராக்கித் தரச் சொன்னேன் என்றேன்.

"அதான் அந்த சூப்பர்வைசர் என்னையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்தாங்களா? எழுந்து நிக்க வச்சாங்கம்மா. நான் என் மூஞ்சிதான்…" அவள் கையை அசைத்து, மேலே சொல்லு என்றாள்.

முதல் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். என் அப்பாவுக்கு இதே தாடை. யாருக்கும் இல்லை என்றேன். அதையும் சொன்னேன். அதற்குள் ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. முன்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் சத்தமாகச் சொன்னேன்.